வாத்தியமும் வாக்கியமும்: இசைக்கருவிச் செய்முறைக் குறிப்புகள் ஏன் தவறுகின்றன?

வாத்தியத்தை வாசிக்கவும் பேணவும் எழுத்தைக் கொண்டு சொல்லித்தர முடியுமா என்பது இணையத்தோடு பிறந்த கேள்வி அல்ல. 1707இல் பாரிசில் குழல் பயிற்சி நூல் எழுதிய ழாக் மார்த்தான் ஒத்தேதேர், உதட்டைக் குவித்து ஊதும் முறையை விதிகளால் கற்பிக்க இயலாது என்று பலர் கருதுவதை முதலில் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் சில விதிகள் பயிற்சியை எளிதாக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்குள் நுழைகிறார். அந்த ஒப்புதலும் அந்த 'ஆனாலும்' என்பதும் முந்நூறு ஆண்டுகளாக ஓயாமல் மோதிக்கொண்டிருக்கின்றன.

இன்று வயலினுக்குத் தந்தி மாற்றுவது எப்படி, வீணையைத் துடைப்பது எப்படி, மிருதங்கத்தில் சுருதி கூட்டுவது எப்படி என்று தேடினால் 'ஏழு எளிய படிகள்' என்ற வடிவில் பதில்கள் கொட்டுகின்றன. அவற்றில் ஒரு பகுதி உருப்படியானது. மற்றொரு பகுதி வெறும் நிரப்பல்: 'பொறுமையாகப் பயிற்சி செய்யவும்', 'கருவியைக் கவனமாகக் கையாளவும்' என்ற அளவில் நிற்கும். மூன்றாவது வகைதான் ஆபத்தானது. படிக்கத் தெளிவாக இருக்கும். செய்துபார்த்தால் கருவி கெடும். இந்த மூன்றாவது வகை எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஓரளவுக்குச் சரி. எதுவும் தனியாக முழு விளக்கம் ஆகாது.

ஏட்டுச் சுரைக்காய்

எழுத்தை நம்பாதவர்களின் கட்சியே மிகப் பழையது. எழுத்தைக் கேள்வி கேட்டால் சொன்னதையே திரும்பச் சொல்லும் என்பது பிளேட்டோவின் 'ஃபீட்ரஸ்' உரையாடலில் சாக்ரட்டீஸ் வைக்கும் குறை. தமிழில் இதை ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். கர்நாடக இசையில் பாடாந்தரம், குருமுகம், கேள்வி ஞானம் ஆகிய மூன்று சொற்களும் கற்பதைக் காதோடும் ஆளோடும் கட்டிவைக்கின்றன. மெய்யியலில் கில்பர்ட் ரைல் 1949இல், ஒன்றைச் செய்யத் தெரிவது வேறு, அதைப் பற்றித் தெரிவது வேறு என்று பிரித்தார். மைக்கேல் பொலானி 1966இல் வெளியிட்ட நூலில், மனிதர் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிந்திருக்கிறார் என்ற கருத்தை முன்வைத்தார். அதன்படி பார்த்தால் செய்முறைக் குறிப்பு தவறுவதில் வியப்பில்லை. சொல்ல முடியாததைச் சொல்லப் போனதன் விளைவு அது.

இந்தக் கட்சிக்கு வலுவான சான்று யாழ். சங்க நூல்களிலும் சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் யாழின் உறுப்புகள், நரம்புகள், பண்கள் பற்றிய செய்திகள் ஏராளம். விபுலானந்த அடிகள் அவற்றையெல்லாம் திரட்டிக் கணக்கிட்டு எழுதிய 'யாழ் நூல்' 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. பெரும் உழைப்பு அது. ஆனாலும் யாழை மீட்டிய விரலின் அசைவு அந்தச் செய்யுள்களில் தங்கவில்லை. கையின் தொடர்ச்சி அறுந்த இடத்தில் நூல் இருந்தும் பழைய வாசிப்பு மீளவில்லை.

ஆனால் இதே எடுத்துக்காட்டைத் திருப்பியும் போடலாம்: எழுத்து இல்லாதிருந்தால் யாழின் கணக்குகூட மிஞ்சியிருக்காது. குரு இன்றி முடியாது என்பதற்கு வேறு தடையும் உண்டு. கும்பகோணத்துச் சரப சாஸ்திரி (1872–1904) சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். குழலைத் தனிக் கச்சேரிக் கருவியாக்கிய முன்னோடியாகக் கருதப்படுபவர். அவருக்கு இசையில் குரு உண்டு. ஆனால் குழல் உத்திகளைப் பெரும்பாலும் தாமே கண்டுகொண்டார். எந்த வாத்தியத்திலும் முதல் தலைமுறைக்குக் குரு கிடையாது. மேலும், குருவிடம் பிழை இருந்தால் அது சீடரின் சீடர் வரை கேள்வியின்றிப் போகும். ரைலின் பிரிவினையையும் எல்லோரும் ஏற்கவில்லை. செய்யத் தெரிவதும் ஒருவகையில் உண்மைகளை அறிவதே என்று ஜேசன் ஸ்டான்லியும் திமொதி வில்லியம்சனும் 2001இல் வாதிட்டார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

நூலாசிரியர்களின் பதில்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் சில ஆண்டு இடைவெளிகளில் பெரும் பயிற்சி நூல்கள் வந்தன: 1751இல் லண்டனில் ஜெமினியானியின் வயலின் நூல், 1752இல் பெர்லினில் குவான்ட்ஸின் குழல் நூல், 1756இல் ஆக்ஸ்பர்கில் லியோபோல்ட் மோட்சார்ட்டின் வயலின் நூல். இவர்கள் எழுத்தை ஆசிரியருக்கு மாற்றாக முன்வைக்கவில்லை. மோசமான ஆசிரியருக்கு மருந்தாகவே முன்வைத்தார்கள். தவறாகப் பழக்கப்பட்ட மாணவர்களைக் கண்டு வருந்தியதே நூல் எழுதத் தூண்டியது என்கிறார் லியோபோல்ட் மோட்சார்ட்.

அவருடைய நூலில் இன்றைய கேள்விக்கு நேரடியாகப் பயன்படும் பக்கம் ஒன்று உண்டு. வில்லைப் பிடிக்கும் சரியான முறையைப் படமாகக் காட்டிய கையோடு, தவறான பிடியையும் தனிப் படமாக வரைந்து 'பிழை' என்று பெயரிட்டு வைத்தார். ஒருவர் உண்மையிலேயே வாத்தியத்தோடு புழங்கியவரா என்பதை இதைக் கொண்டு ஓரளவு கணிக்கலாம். எது எப்படிக் கெடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். கருவியைத் தொடாத குறிப்பில் படிகள் எல்லாம் வெற்றிகரமாகவே முடியும்.

தென்னாட்டில் இதற்கு இணையான முயற்சி எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' (1904). சுரத்தை எழுதிவிடலாம், அசைவை எழுத முடியாது என்ற தடையை அவர் கமகங்களுக்குத் தனித்தனிக் குறியீடுகள் அமைத்து எதிர்கொண்டார். அவற்றை வீணையில் எப்படிப் பிடிப்பது என்ற விளக்கத்தையும் சேர்த்தார். ஆயினும் அந்தக் குறியீடுகளைப் படித்துப் பாடுபவருக்கு அந்த ராகம் ஏற்கெனவே காதில் இருக்க வேண்டியிருக்கிறது. நினைவூட்டுவதில் வல்ல எழுத்து, புதிதாக ஊட்டுவதில் தடுமாறுகிறது. நூலாசிரியர் கட்சியின் பலவீனமும் அதுதான்.

நகலின் பழைய தொழில்

மூன்றாவது விளக்கம் அறிவைப் பற்றியது அல்ல, வியாபாரத்தைப் பற்றியது. பிழைகள் பெருகுவதற்குக் காரணம் எழுத்தின் இயல்பன்று, அதை மலிவாகப் பெருக்கும் தொழில் என்பது இதன் வாதம். இதுவும் புதிதல்ல.

1731இல் லண்டனில் பீட்டர் பிரெலர் பெயரில் பல வாத்தியங்களுக்கு ஒரே கட்டாக ஒரு தொகுப்பு நூல் வந்தது. அதன் குழல் பகுதி ஒத்தேதேரின் நூலிலிருந்து மொழிபெயர்த்து எடுக்கப்பட்டது. வயலின் பகுதி 1695இல் வந்த 'நோலென்ஸ் வோலென்ஸ்' என்ற நூலின் வழிவந்தது. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வயலின் கற்றே தீருவீர்கள் என்பது அந்தப் பழைய நூலின் தலைப்புக்குப் பொருள். இன்றைய விளம்பரத் தலைப்புகளுக்கு நல்ல மூதாதை. வேடிக்கை இதோடு முடியவில்லை. பிரெலர் தொகுப்பின் வயலின் பகுதியை ஜெமினியானியே முன்னதாக எழுதியதாகப் பலர் நெடுங்காலம் நம்பினார்கள். இருபதாம் நூற்றாண்டில் டேவிட் பாய்டன் என்ற ஆய்வாளர் அந்தக் குழப்பத்தை அவிழ்த்தார். பழைய பாடம், புதிய அட்டை, பெரிய பெயர் என்ற மூன்றும் அப்போதே கூடிவிட்டன.

இணையத்தில் இந்தத் தொழில் வேகம் பிடித்தது 2000களில். தேடுபொறியில் மக்கள் எதைக் கேட்கிறார்கள் என்று கணித்து, அந்தக் கேள்வியையே தலைப்பாக்கி, கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி பேசி எழுதவைக்கும் முறை வந்தது. 2006இல் தொடங்கிய டிமாண்ட் மீடியா நிறுவனம் ஈஹவ் தளத்தை வாங்கி இதைப் பெருமளவில் நடத்தியது. கட்டுரைக்கு ஏறத்தாழ 15 டாலர் என்று அப்போது செய்தி இதழ்கள் எழுதின. அந்தக் கூலிக்கு ஒருவர் தம்பூராவைத் தேடிப்பிடித்துத் தந்தி கட்டிப் பார்த்துவிட்டு எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஏற்கெனவே உள்ள நான்கு கட்டுரைகளைப் படித்து ஐந்தாவதை எழுதுவார். ஆறாவதை எழுதுபவர் இந்த ஐந்தையும் படிப்பார். 2011 பிப்ரவரியில் கூகுள் 'பாண்டா' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து இத்தகைய பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளியது. தொழில் சுருங்கியது, ஒழியவில்லை.

தமிழ் வாசகருக்கு இதில் கூடுதலாக ஒரு கெடுதல் உண்டு: இயந்திர மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் பிரிட்ஜ் என்பது வாத்தியத்தில் குதிரை. இயந்திரம் அதைப் பாலம் ஆக்கிவிடும். ஃப்ரெட் என்பது கவலை ஆகும், கீ என்பது சாவி ஆகும், பிட்ச் என்பது கிரிக்கெட் ஆடுகளம்கூட ஆகலாம். பாலத்தை நகர்த்திவிட்டுக் கவலைகளுக்கு எண்ணெய் தடவச் சொல்லும் குறிப்பால் பெரிய தீங்கில்லை. படிப்பவர் சிரித்துவிட்டு நகர்வார். இயந்திரத்தை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. தமிழிலேயே மெட்டு என்பது பாட்டின் மெட்டையும் குறிக்கும், வீணைத் தண்டியில் பதித்த 24 உலோகக் கட்டைகளையும் குறிக்கும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து நிலைமை மாறியிருக்கிறது. மொழி மாதிரிகள் பெரும்பாலும் பாலத்தையும் குதிரையையும் குழப்புவதில்லை. வாக்கியம் சீராக வரும், கலைச்சொல் பொருந்தியிருக்கும். தவறு இருந்தால் அது இப்போது சொல்லில் தெரியாது; கருவியில்தான் தெரியும். எழுதுபவர் வாத்தியத்தைத் தொட்டதில்லை என்ற குறை அப்படியே இருக்க, அதைக் காட்டிக்கொடுத்த மொழித் தடுமாற்றம் மட்டும் மறைந்துவிட்டது.

வியாபார விளக்கத்திலும் ஓட்டை இருக்கிறது. கூலி வாங்காமல் ஆர்வத்தால் எழுதுபவர்களின் குறிப்புகளும் தவறுகின்றன. நல்ல வித்வான் எழுதிய குறிப்பைப் பின்பற்றியும் கருவி கெடுகிறது. இதற்கு வேறு விளக்கம் தேவை.

முகவரி கிழிந்த அறிவுரை

ஆபத்தான குறிப்புகளில் பலவற்றை நெருங்கிப் பார்த்தால், அவை முழுப் பொய்யாக இருப்பதில்லை. வேறு ஒரு கருவிக்கோ வேறு ஒரு ஊருக்கோ அவை சரியானவை. நகலெடுக்கும்போது முகவரி மட்டும் கிழிந்துபோயிருக்கும்.

வயலின் தந்தி மாற்றுவதை எடுத்துக்கொள்ளலாம். பழைய தந்திகள் அனைத்தையும் முதலில் கழற்றிவிட்டு உடலைத் துடைக்கவும் என்று சில குறிப்புகள் தொடங்கும். சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாருக்கு இது பொதுவாகத் தீங்கற்ற யோசனை. அதன் பிரிட்ஜ் உடலோடு ஒட்டப்பட்டது. வயலினின் குதிரை ஒட்டப்படுவதில்லை. தந்திகளின் 20 கிலோவுக்கும் மேற்பட்ட இழுவிசை அழுத்துவதால்தான் அது நிற்கிறது. உள்ளே, குதிரையின் வலக்காலுக்குச் சற்றுப் பின்னால், முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே பென்சில் பருமனில் ஒரு மரக்குச்சி பசையில்லாமல் முட்டுக்கொடுத்து நிற்கும். பிரெஞ்சுக்காரர்கள் அதை வயலினின் ஆன்மா என்றே அழைக்கிறார்கள். நான்கு தந்திகளையும் ஒருசேரத் தளர்த்தினால் குதிரை சாயும், அந்தக் குச்சியும் விழக்கூடும். விழுந்தால் வீட்டில் நிறுத்த முடியாது; ஒலித்துளை வழியாகத் தனிக் கருவியை விட்டுப் பொருத்தத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் புதியதைக் கட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும் என்ற ஒரே வரி இதைத் தவிர்த்திருக்கும்.

சுருதி கூட்டுவதிலும் இதே கதை. மேலைத்தேய முறையில் வயலினின் நான்கு தந்திகள் ஜி, டி, ஏ, இ. ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் சட்ஜ பஞ்சம இடைவெளி. கர்நாடக வயலினில் ச ப ச ப. எது சட்ஜம் என்பதைப் பாடுபவரின் கட்டை (அவர் பாடும் சுருதி) தீர்மானிக்கும். ஏ தந்தி 440 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும் என்பது 1939இல் லண்டன் மாநாட்டில் பேசி, பின்னர் ஐஎஸ்ஓ தரமான ஏற்பாடு. வாத்தியக் குழுக்களுக்கு அது தேவை. ஒரு கட்டையிலோ ஐந்தரைக் கட்டையிலோ பாடுபவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு அந்த எண்ணால் ஆவது ஒன்றுமில்லை. 440 கெடுதி, 432தான் உடலுக்கு நல்லது என்று பரவும் பேச்சும் இந்த மரபில் நிற்க இடமில்லாதது. இங்கே சட்ஜம் எண்ணில் பிறப்பதில்லை.

குழலிலும் விரல் அட்டவணைகள் இப்படிக் கலந்துபோகின்றன. இந்துஸ்தானி பான்சூரியில் மேலிருந்து முதல் மூன்று துளைகளை மூடினால் சட்ஜம். கர்நாடகக் குழலில் முதல் இரண்டை மூடினால் சட்ஜம். 'இந்தியப் புல்லாங்குழல்' என்ற பொதுப் பெயரில் ஓர் அட்டவணையை அச்சிட்டுப் பயில்பவர், தவறான சட்ஜத்திலிருந்து அலங்காரம் முழுவதையும் வாசித்துப் பழகிவிடுவார்.

தட்பவெப்பம் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. கிட்டாருக்குக் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருப்பது நல்லது என்று தயாரிப்பாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். குளிர்காலத்தில் வெப்பமூட்டிய வீடுகளில் காற்று வறண்டு மரம் வெடிக்கும் நாடுகளில், ஈரமூட்டியைப் பெட்டிக்குள் வையுங்கள் என்பது உயிர்காக்கும் யோசனை. ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும் சென்னையில் அதே ஈரமூட்டி பூஞ்சைக்கு வரவேற்பு. இங்கே வேண்டியது ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம். வீணையிலோ மெட்டுகள் மெழுகில் பதிந்தவை. கருவியை வெயிலில் உலர்த்தச் சொல்லும் யோசனை, மெட்டுகளைப் பதித்தவரின் பல நாள் வேலையை ஒரே மதியத்தில் இளக்கிவிடும்.

மிருதங்கத்தில் நேர்மாறான வேடிக்கை நடக்கிறது. தோல் கருவியில் ஈரமே படக்கூடாது என்பது தபேலா குறிப்புகளில் அடிக்கடி வரும். மிருதங்க வித்வான் கச்சேரிக்கு முன் செய்யும் முதல் வேலை, இடப்பக்க முகமான தொப்பியை ஈரப்படுத்தி, பிசைந்த ரவையை நடுவில் வட்டமாக அப்புவது. வாசித்து முடித்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிடுவார். வலப்பக்க முகமான வலந்தலையில் நிரந்தரமாக இருக்கும் கரணை என்ற கருஞ்சாந்தை அப்படிச் சுரண்டினால் போயிற்று. ஒரே கருவியின் இரண்டு முகங்களுக்கே ஒரே விதி பொருந்தவில்லை.

வாத்தியங்கள் நாடு மாறுவது புதிதல்ல. பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பிய வாசிப்பாளரிடம் வயலின் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். அந்தப் பயணத்தில் நின்று வாசித்தது உட்கார்ந்து வாசிப்பதாயிற்று, தோளிலிருந்தது மார்புக்கும் காலுக்கும் நடுவே வந்தது, தந்திகளின் சுருதி மாறியது. கை இடம் பெயரும்போது காது சொல்வதைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டது. வாக்கியத்துக்குக் காது இல்லை. ஊர் மாறினாலும் அது பழைய ஊரின் பேச்சையே பேசிக்கொண்டிருக்கும்.

யார் சரிபார்ப்பது?

திருத்தும் வழிகளாக முன்வைக்கப்படுபவை சில. கூட்டாகத் திருத்துவது ஒன்று. 2005இல் தொடங்கிய விக்கிஹவ் போன்ற தளங்களில் யாரும் பிழையைத் திருத்தலாம். கிட்டாருக்கு ஆயிரம் கண்கள் கிடைக்கும். கோட்டுவாத்தியத்துக்கு ஒரு கண் கிடைப்பதே அரிது. தேடுபொறியே தரம் பிரிப்பது இன்னொன்று. தர மதிப்பீட்டாளர்களுக்கான வழிகாட்டியில் கூகுள் 2022 டிசம்பரில் 'அனுபவம்' என்பதையும் ஓர் அளவாகச் சேர்த்தது. சரியான திசைதான். ஆனால் மதிப்பிடுபவர் பார்ப்பது அனுபவத்தை அல்ல, அனுபவம் உண்டு என்று எழுதியிருப்பதை.

காணொலி பல குறைகளைத் தீர்க்கிறது. விரலும் வில்லும் கண்ணுக்குத் தெரிகின்றன. கருவியைத் தொடாதவர் காணொலியில் மாட்டிக்கொள்வார். கேட்பவரின் தவறை அது கேட்காது என்ற சாக்ரட்டீசின் குறை மட்டும் அப்படியே நிற்கிறது. சுருதியைக் காட்டும் கைபேசிச் செயலிகள் அந்தக் குறையில் பாதியைப் போக்குகின்றன. மீதிப் பாதிக்குத் தம்பூரா நல்ல சோதனை. நான்கு தந்திகளையும் ப ச ச ச என்று செயலியின் முள் நடுவில் நிற்கும்படி கூட்டிவிடலாம். அதோடு தம்பூரா பேசிவிடாது. ஒவ்வொரு தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு சிறு நூல் செருகப்பட்டிருக்கும். ஜீவா என்பது அதற்குப் பெயர். தந்தியை மீட்டிக்கொண்டே அந்த நூலை மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்த, ஓரிடத்தில் தட்டையான ஒலி திடீரென விரிந்து ரீங்காரமாகும். அந்த இடம் எது என்பதற்கு எண் இல்லை. 'ரீங்காரம் விரியும் வரை நகர்த்தவும்' என்று எழுதலாம். விரிந்த ரீங்காரத்தை ஒருமுறை கேட்டவருக்கு அந்த வாக்கியம் போதும், கேட்காதவருக்கு எந்த வாக்கியமும் போதாது.

தீராதவை

கெடுக்கும் குறிப்புகளில் எவ்வளவு பங்கு வியாபாரத்தால், எவ்வளவு பங்கு இடம் மாறியதால், எவ்வளவு பங்கு எழுத்தின் எல்லையால் என்று பிரித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று போதாது. மேலே கண்ட எடுத்துக்காட்டுகளில் பல எழுதக்கூடியவையே, ஆனால் எழுதப்படாதவை: ஒவ்வொன்றாகக் கழற்று, உன் ஊரின் ஈரத்தைப் பார், இது எந்தக் குழலுக்கு என்று சொல். ஆகவே எழுத்தால் முடியாது என்ற கட்சி, எழுதாமல் விட்டதையும் எழுத முடியாததன் கணக்கில் சேர்த்துவிடுகிறது என்று கருத இடமுண்டு. ஜீவா போன்றவை அந்தக் கணக்கில் நியாயமாகவே மிஞ்சும். அப்படி மிஞ்சுபவை எத்தனை என்பது தெளிவாகவில்லை.

எழுதுபவரும் அறிந்தவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது மற்றொரு முடிச்சு. மிருதங்கம் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் வாசிப்பவர்கள். தோலைத் தேர்ந்து, மூட்டி, வார் இழுத்து, கரணை இடும் அறிவு, தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பத்தார் போன்ற தலித் கிறித்தவக் கைவினைஞர்களிடம் இருந்தது. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்து அக்குடும்பத்தவர். டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் அந்தக் கைகளைப் பற்றிய பதிவு. செய்முறைக் கையேடு அல்ல. அப்படி ஒரு கையேட்டை அந்தக் கைவினைஞர்களே எழுதினால், வலந்தலைக்கு ஏற்ற தோலைத் தொட்டுப் பார்த்தே பிரிக்கும் அவர்களுடைய அறிவில் எவ்வளவு வாக்கியமாக மாறும், எவ்வளவு விரல் நுனியிலேயே நின்றுவிடும் என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.